மூன்றாவது வரிசை, வலது பக்க டிரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சி முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். மூன்று பேர் மட்டும் ஒரு பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒருவர் மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்துக்காரர். வயது 68. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்ற இருவருக்கும் அவர் ‘சார்’. இரண்டாமவர் தி.நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு காலத்தில் கேசட் கடை வைத்திருந்தவர். அவர் ‘அண்ணே’. மூன்றாவது ஆள் அடையாறு பையன். வயது முப்பதுக்குள். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்கிற வேலை. அவன் ‘தம்பி’.

இவர்கள் பேசுவது அரசியல் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. ‘அடுத்து எந்தப் பழைய படம் நல்ல பிரிண்டில் டிஸ்க்காக வரும்?’ - இது ஒன்றுதான் பேச்சு. ஆளுக்கொரு படம் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்குள் அது வந்துவிட்டால் மற்ற இருவரும் டிபன் வாங்கித்தர வேண்டும். வராவிட்டால் சொன்னவர் காபி வாங்க வேண்டும். இதுவரை காபி மட்டும்தான் நடந்திருக்கிறது.

“இந்த வருஷம் ‘அந்த நாள்’ சார். 1954-ல வந்த படம். பாட்டே கிடையாது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு அப்படியே பிடிக்கும். யாராவது ஒருத்தர் கையில எடுப்பாங்க” என்பார் அண்ணன்.

“‘ஹரிதாஸ்’ணே. பாகவதர் பேரு ஒண்ணு போதும்” என்பான் தம்பி.

சார் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். “சந்திரலேகா.”

ஆறு வருஷமாக அதே பதில். ஆறு வருஷமாக அவர்தான் அதிகம் காபி வாங்கியிருக்கிறார்.

இப்படி ஊகம் பேசுவது மயிலாப்பூருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. உலகின் சிறந்த படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க்காக வெளியிடுவதில் பேர் பெற்றது. சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றையும் 2015-ல் அப்படிக் கொண்டுவந்தது. புத்தாண்டு பிறந்தால் ஒரு கோணல்மாணல் கார்ட்டூன் வெளியிடுவது அவர்கள் வழக்கம். அதில் ஒரு மூலையில் ஒரு பூனை, இன்னொரு மூலையில் ஒரு குடை என்று என்னென்னவோ இருக்கும். எல்லாம் அந்த வருஷம் வரப்போகும் படங்களுக்கான துப்பு. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்வார்கள்.

சென்னையில் அப்படிக் கார்ட்டூன் எதுவும் கிடையாது. இங்கே துப்பு வேறு மாதிரி வரும். நள்ளிரவில் ஏதோ ஒரு சேனலில் ஓடிய பழைய படம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்ததாம். சாலிகிராமத்தில் யாரோ நாலு தகர டப்பாவை ஆட்டோவில் ஏற்றியதைப் பார்த்தார்களாம். இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பேசலாம்.

சாரின் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. கீழ்த்தட்டில் வீடியோ கேசட்டுகள், அதற்கு மேல் வி.சி.டி, அதற்கு மேல் டிவிடி. உச்சியில் கொஞ்சம் ப்ளூ-ரே. தமிழ் வீடுகளில் சினிமா நுழைந்த வரலாறே அந்தச் சுவரில் அடுக்காக இருக்கிறது.

எண்பதுகளில் டிவியையும் ‘டெக்’கையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி மூன்று படம் பார்த்துவிட்டு, விடியற்காலையில் கண்ணெரிச்சலோடு வேலைக்குப் போன தலைமுறை அவருடையது. அப்புறம் வி.சி.டி வந்தது. ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று வட்டு. சரியாக முக்கியமான கட்டத்தில் வட்டு மாற்ற வேண்டும். 2007-ல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது, அண்ணன் கடையில் கூட்டம் தாங்கவில்லை. காய்கறிப் பையோடு வந்தவர்கள் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் ‘பாசமலர்’ போட்டுக்கொண்டு போனார்கள்.

“அந்த மூணு வருஷம்தான் தம்பி, நானும் முதலாளி மாதிரி இருந்தேன்” என்பார் அண்ணன். பிறகு பென் டிரைவ் வந்தது, யூடியூப் வந்தது, செல்போனிலேயே படம் வந்தது. கடை மூடியாயிற்று. மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவு வந்தபோது, அண்ணன் அந்தச் செய்தியை வெட்டி, மிச்சமிருந்த ஒரு டிவிடி உறைக்குள் வைத்துவிட்டார்.

சாரின் அலமாரியில் ‘சந்திரலேகா’ மட்டும் ஐந்து இருக்கிறது. ஒரு கேசட், இரண்டு வி.சி.டி, இரண்டு டிவிடி. ஐந்திலும் அவர் தேடுவது ஒரே இடம்தான். கடைசியில் வரும் டிரம் டான்ஸ்.

1948 ஏப்ரலில் வெளிவந்த படம் அது. ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ்.வாசன் எடுத்தது. முப்பது லட்ச ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான முரசுகள். அவற்றின்மேல் ஆடும் பெண்கள். முரசுகளுக்குள்ளே ஒளிந்திருக்கும் வீரர்கள். ஆட்டம் முடிந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்வார்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்தியிலும் வந்து, வடக்கே தமிழ்நாட்டுப் படத்துக்கு வழி திறந்தது அந்தக் காட்சிதான்.

அதில் ஆடிய நூற்றுக்கணக்கானவர்களில் ஒரு பெண்ணுக்கு அப்போது வயது பதினைந்து. அந்தப் பெண்ணுக்கு இப்போது 93. சாரின் அம்மா.

அவருக்கே இது நாற்பது வயது தாண்டித்தான் தெரியும். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டிரம் டான்ஸ் வந்தது. அம்மா தலை நிமிராமல் சொன்னார்:

“மூணாவது வரிசையில வலது பக்கம் நான் நிக்கிறேன்.”

மகனுக்குப் புரியவில்லை. “எங்கேம்மா நிக்கிறே?”

“அந்த டிரம் மேலதான்டா.”

மெதுவாகக் கதை வெளியே வந்தது. தாத்தாவுக்கு வேலை போய், வீட்டில் அடுப்பு எரியாத காலம். ஜெமினியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். மாசக் கணக்கில் ஒத்திகை. கால் கொப்பளிக்கும். ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு தம்பிகளும் பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாணம் நிச்சயமானபோது, ‘சினிமாவில் ஆடியதை யாரிடமும் சொல்லாதே’ என்று பாட்டி சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினார். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அன்றைக்கே சார் கடைக்கு ஓடி அந்தக் கேசட்டை வாங்கினார். மூன்றாவது வரிசை வந்ததும் படத்தை நிறுத்தினார். வெள்ளையாக ஒரு திட்டு. அதன்மேல் கறுப்பாக ஒரு புள்ளி. அதுதான் முகம். அம்மாவாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். பிறகு வாங்கிய நான்கு பதிப்புகளிலும் அந்தத் திட்டு கொஞ்சம் பெரிதானது, சிறிதானது, பச்சையடித்தது. முகம் மட்டும் வரவில்லை.

இதுதான் அவருடைய ‘சந்திரலேகா’ ஊகத்தின் ரகசியம். நல்ல பிரிண்ட் வந்தால் அந்தப் பதினைந்து வயது முகம் தெரியும். ஒரே ஒரு தடவை தெரிந்தால் போதும்.

ஜெமினி ஸ்டுடியோ இப்போது இல்லை. மேம்பாலத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பேரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. படத்தின் நாயகி டி.ஆர்.ராஜகுமாரி பாண்டி பஜாரில் கட்டிய ராஜகுமாரி தியேட்டரும் இல்லை. அண்ணன் சின்ன வயதில் அங்கே படம் பார்த்தவர். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், “சார், உங்க படத்து ஹீரோயின் வீட்டு வாசல்ல நிக்கிறேன்” என்று போன் செய்வார்.

“சார், முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்” என்று ஒரு நாள் பெஞ்சில் ஆரம்பித்தான் தம்பி. “நம்ம நாட்டுச் சட்டப்படி ஒரு படத்துக்கு 60 வருஷம்தான் காப்புரிமை. படம் வந்த அடுத்த வருஷத்துலேருந்து எண்ணணும். ‘சந்திரலேகா’வுக்கு 2008-ஓட முடிஞ்சுது. இப்போ நீங்ககூட டிஸ்க் போடலாம்.”

“அப்ப யாரும் ஏன் போடல?”

“உரிமை எல்லாருக்கும் வந்துடும். நெகட்டிவ் எல்லாருக்கும் வருமா?”

அவன் சொன்னது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சோகம். 1950-களின் தொடக்கம் வரை படங்கள் நைட்ரேட் சுருளில் இருந்தன. தீப்பெட்டி மாதிரி பற்றிக்கொள்ளும். 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின. அடுத்து வந்த அசிடேட் சுருள் எரியாது. ஆனால் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் புளிக்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் வந்தது. இன்று அதன் ஒரு அடிச் சுருள்கூடக் கிடையாது.

“பிரிண்ட் கிடைச்சாலும் வேலை இருக்கு சார். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். மூணு மணி நேரப் படத்துல 2,59,200 ஃபிரேம். ஒவ்வொண்ணுலயும் கீறல், தூசி, ஆட்டம். கம்ப்யூட்டர் பாதி எடுக்கும். மீதிக்கு ஆள் உட்காரணும். அவ்வளவு செலவழிச்சுட்டு அதை முப்பத்துநாலு ரூபாய்க்கு விக்க முடியுமா?”

“‘கர்ணன்’ எப்படி வந்துச்சு?” அண்ணன் விடவில்லை.

வந்தது. 1964-ல் வெளியான ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு, தியேட்டர்களில் நூறு நாள் தாண்டி ஓடியது. 2014-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதே மாதிரி வந்து வெள்ளிவிழா கண்டது. அந்த இரண்டு வருஷமும் இவர்களுடைய பெஞ்சில் தினமும் தீபாவளி. ஆனால் அங்கே கல்லா நிறைந்தது தியேட்டரில். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் விசில் அடிக்க ஆள் இருந்தார்கள். மூன்றாவது வரிசை டிரம்மில் நிற்பவளுக்கு யார் விசில் அடிப்பார்கள்?

நம்பிக்கைக்கும் இடம் இல்லாமல் இல்லை. ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ 2024-ல் புதுப்பொலிவோடு கேன்ஸ் விழாவுக்குப் போனது. அந்த வேலையில் பெரும்பகுதி நடந்தது இதே சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். 2025-ல் இத்தாலியின் போலோன்யாவில் திரையிட்ட ‘ஷோலே’க்கு இங்கிலாந்துக் கிடங்கு ஒன்றிலிருந்து சுருள்கள் கிடைத்தன. இரண்டையும் மீட்டது மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன். அந்த அமைப்பு 2017 அக்டோபரில் சென்னையில் நடத்திய பயிற்சியில்தான் தம்பி சுருளைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

“பார்த்தியா, இங்கிலாந்துல கிடைச்சிருக்கு” என்று சார் பிடித்துக்கொண்டார். “நம்ம படம் அமெரிக்கா, ஜப்பான் வரைக்கும் போன படம். இந்திப் பிரிண்ட் நூத்துக்கணக்குல போட்டாங்க. டான்ஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதானே. எங்கேயாவது ஒண்ணு இருக்காதா?”

இருக்கலாம் என்றான் தம்பி. ‘இருக்காது’ என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. காரணம், அவனுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விஷயம். போன வருஷத்திலிருந்து அம்மாவுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. எதிரில் நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. வயதானால் விழித்திரையில் வருவது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பக்கம் எங்கேயோ ஒரு டப்பாவுக்குள் சுருள் புளித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் அம்மாவின் கண். எது முதலில் என்று சார் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் இந்த வருஷம் அவர் ஊகம் சொல்லும்போது குரலில் விளையாட்டு இல்லை.

ஒரு முறை, டிவிடி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னதைச் சார் பெஞ்சில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். “தாளம் ஓடுதுடா, நாங்க இவ்வளவு வேகமா ஆடலன்னு சொல்றாங்க. வயசாயிடுச்சுல்ல.”

தம்பி சிரிக்கவில்லை. “எந்த டிஸ்க் சார்?” என்று கேட்டு, அதை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான்.

“அம்மா சொன்னது சரி சார். படம் எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம். நம்ம ஊர் டிவிக்கு 25. இந்த டிஸ்க் போட்டவங்க அப்படியே 25-ல ஓட்டி மாத்தியிருக்காங்க. அஞ்சு நிமிஷ டான்ஸ்ல பன்னிரண்டு நொடி குறையும். சுருதியும் கொஞ்சம் ஏறும். யார் காதுக்கும் பிடிபடாது. எழுபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அம்மா காலுக்குப் பிடிபட்டிருக்கு.”

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மூவரும் சித்திரக்குளம் வீட்டில் இருந்தார்கள். தம்பி வேகத்தைச் சரிசெய்து, கீறல்களை முடிந்தவரை துடைத்து, அந்த ஒரு காட்சியை மட்டும் லேப்டாப்பில் கொண்டுவந்திருந்தான். பெரிய டிவியில் போட்டார்கள். வெள்ளைத் திட்டு வெள்ளைத் திட்டாகவே இருந்தது. இல்லாத முகத்தைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அம்மா டிவியைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வலது கை விரல்கள் மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தன.

“ஆங், இப்பதான் சரியா இருக்கு” என்றார். பிறகு, “இப்ப முதல் வரிசை திரும்பும்” என்றார். திரும்பியது. “ரெண்டாவது.” திரும்பியது. “இப்ப மூணாவது. வலது பக்கம் ஒருத்தி மட்டும் அரைத் தாளம் லேட்டா திரும்புவா பாரு. அது நான்தான்.”

மூன்று பேரும் டிவிக்கு அருகே நகர்ந்தார்கள். வரிசை முழுவதும் ஒன்றாகத் திரும்பியது. வலது பக்கத்துத் திட்டு ஒன்று, கண் இமைக்கும் நேரம் பிந்தித் திரும்பியது.

தம்பி மறுபடி ஓட்டினான். மறுபடியும் பிந்தியது. மூன்றாம் முறையும்.

“அம்மா!” என்றார் சார். அறுபத்தெட்டு வயது மனிதர், ஆறு வயதுக் குரலில்.

“ஏணி மாதிரி உசரம்டா அது. கீழே பார்த்துட்டேன், பயந்துட்டேன். வாத்தியார் கவனிக்கல, டேக் ஓகே ஆயிடுச்சு. எவனாவது கண்டுபிடிச்சுடுவானோன்னு படம் ஓடுற வரைக்கும் வயித்தைக் கலக்குச்சு.” அம்மா கண்ணைத் திறந்து சிரித்தார். “நீ வேற, பளிச்சுன்னு பிரிண்ட் வரணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. வந்தா என் தப்பும் பளிச்சுன்னு தெரியுமேடா!”

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்று இரவு சார் செல்போனை ரெக்கார்டில் போட்டு, அம்மா பக்கத்தில் வைத்தார். வலது பக்க டிரம்முக்கு அடுத்த டிரம்மில் யார் நின்றாள், அவள் எந்த ஊர், மதியச் சாப்பாட்டுக்கு யார் ஊறுகாய் கொண்டுவருவாள், வாத்தியார் எப்படித் திட்டுவார் என்று எல்லாம் கேட்டார். அம்மா ஒன்றரை மணி நேரம் பேசினார். எந்த டிஸ்க்கிலும் இல்லாத காட்சிகள். அடுத்த நாளும் பேசினார். இப்போது அலமாரியில் ப்ளூ-ரேக்களுக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் பதினோரு பெண்களின் பெயர்கள்.

அதற்கடுத்த ஞாயிறு, பூங்காவில் வழக்கம்போல் பந்தயம்.

“அந்த நாள்” என்றார் அண்ணன்.

“ஹரிதாஸ்” என்றான் தம்பி.

“சந்திரலேகா” என்றார் சார்.

“இன்னும் என்ன சார்? அதான் அம்மாவைப் பார்த்தாச்சே!”

சார் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காபிக் கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

“பக்கத்து டிரம்ல நின்னவளுக்கும் ஒரு பையன் இருப்பான்ல?”